பேச்சம்மா இடம் பண்ணுகிறார்

ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவார் பேச்சம்மா. இன்னொரு காது கதவுக்கு. நோயாளிகள் வரத் தொடங்குமுன்பே அறைக்கு வந்து, ஜன்னலைத் திறந்து, கணினியைப் போட்டுவிட்டு, அது முக்கி முனகி எழுந்து உட்காரும்வரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு நோயாளி ஒருவரின் பழைய வீடியோப் பதிவைத் திறப்பார். முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பார். வேகமாக ஓட்டிப் பார்ப்பதில்லை, நடுவில் வரும் நீண்ட மௌனங்களைக்கூடத் தள்ளிவிடுவதில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, திரையைப் பார்த்து, "சரி, போய்ட்டு வாங்க" என்பார். அதற்குப் பிறகுதான் அழிப்பார்.

ஒரு காலைக்கு இரண்டு பதிவு, மிஞ்சிப்போனால் மூன்று. கணினிப் பிரிவுக்காரர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், இந்தக் கணக்குல போனா நீங்க ரிட்டயர் ஆனாலும் முடியாது. மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே அமுக்கா அமுக்கிட்டுப் போய்ட்டே இருக்கணும்." பேச்சம்மா தலையை ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா, முடியாது என்ற ஆட்டலா என்று பிடிபடாமல் அவர் போய்விட்டார்.

பேச்சம்மா என்பது, பேச்சுப் பயிற்சி தரும் அவருக்கு ஆஸ்பத்திரி ஊழியர்கள் வைத்த பெயர். வாதம் வந்து வாயடைத்துப் போனவர்கள், திக்குகிறவர்கள், அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைகள் என்று பேச்சு சரியாக வராத எல்லோரும் கடைசியில் அந்த அறைக்குத்தான் வந்து சேருவார்கள். பிசியோதெரபி கூடத்துக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன அறை. ஒரு பக்கம் மிதிசைக்கிளின் கிரீச் சத்தம், மறுபக்கம் பெரிய சலவை இயந்திரத்தின் உறுமல். மேஜைமேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ரப்பர் வளையம் போட்ட படச்சீட்டுக் கட்டுகள், ஊதி உருட்டுவதற்குப் பஞ்சு உருண்டைகள், நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகள். கணினியின் தலையில் ஒரு சின்ன கேமரா. நோயாளி பேசப் பேச அது பிடித்து நேராக உள்ளே சேர்த்துவிடும். முதல் நாள் எப்படிப் பேசினார், ஆறாம் மாதம் எப்படிப் பேசுகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

பெயர்தான் பேச்சம்மா. நாள் முழுக்க அவர் பேசுவதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். எதிரில் உட்கார்ந்தவர் ஒரு வார்த்தைக்காக மூச்சு முட்டப் போராடிக்கொண்டிருக்கும்போது, பார்க்கிற நமக்குத் தொண்டைவரை அந்த வார்த்தை வந்து நிற்கும். எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று நாக்கு துடிக்கும். பேச்சம்மா எடுத்துக் கொடுக்கமாட்டார். கைகளைக் கோத்து மேஜைமேல் வைத்து, முகத்தில் எந்த அவசரமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ரொம்பவும் தவித்தால், "வார்த்தை எங்கயும் ஓடிப் போயிடாது. மெதுவா வாங்க" என்பார். அவ்வளவுதான்.

வேலையில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. பிறர் ஆரம்பித்த வாக்கியத்தை அவர் முடித்துவைத்ததாகச் சரித்திரம் இல்லை. கடைக்காரர் "உங்களுக்கு அந்த... அது..." என்று இழுத்தால் வரிசையே முணுமுணுத்தாலும் பேச்சம்மா காத்திருப்பார். இவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். "எங்க அம்மாகிட்ட பொய் சொல்லவே முடியாது. பாதியில நிறுத்தினா, மீதி வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் உண்மை தானா வந்துடும்" என்று தோழிகளிடம் சொல்லுவாள். கணவர் மோட்டார் உதிரிபாகம் விற்கிறவர், வாய் ஓயாத மனிதர். "எங்க வீட்ல பேச்சு என் டிபார்ட்மென்ட், கேட்கிறது அவ டிபார்ட்மென்ட்" என்பார். இருபது வருடமாக அந்த ஏற்பாடு பிசகில்லாமல் ஓடுகிறது.

பழைய பதிவுகளை அழித்துக் கணினியில் இடம் பண்ணும் இந்த வேலை தொடங்கியதற்கு ஒரு சிறுமி காரணம். அண்ணத்தில் பிளவோடு பிறந்து, அறுவை முடிந்து, பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவள். 'பாப்பா' என்று சொன்னால் காற்று மூக்கு வழியாகப் போய் 'மாம்மா' என்று வரும். மாதக்கணக்கில் பஞ்சு ஊதி, கன்னம் உப்பி, உதட்டை அழுத்திப் பழகி, ஒருநாள் திடீரென்று, யாரும் சொல்லச் சொல்லாமலே, மேஜைமேல் இருந்த படச்சீட்டைக் காட்டி "பாப்பா" என்றாள். அச்சுப் போட்ட மாதிரி. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேச்சம்மா எழுந்து போய் வெளியே காத்திருந்த அப்பாவைக் கூட்டிவந்தார். அவர் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிக்கிறவர். மணிக்கட்டில் வெள்ளைத் தெறிப்புகள். "அவ அம்மாவுக்கும் காட்டணும் மேடம், அவளுக்கு இன்னைக்கு லீவு கிடைக்கல" என்று சொல்லிக்கொண்டே திரையின்முன் குனிந்தார்.

திரையில் மகள் இல்லை. ஒரு சாம்பல்நிறப் பெட்டி இருந்தது. போதிய இடமில்லாததால் பதிவைச் சேமிக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு" என்று அப்பா கேட்டார். குழந்தை களைத்துப்போயிருந்தாள். கெஞ்சலும் கொஞ்சலுமாக இரண்டு பெரியவர்கள் முகத்துக்கு நேரே குனிந்ததில் மிரண்டு, உதட்டைப் பிதுக்கி "மாம்மா" என்று அழுதாள். சில வாரம் கழித்து அது மறுபடியும் வந்தது, நிலைத்தும் விட்டது. ஆனால் முதல் 'பாப்பா' போனது போனதுதான். அந்த அப்பா கோபப்படவில்லை. "பரவால்ல மேடம், மிஷின்தானே" என்று சொல்லிவிட்டு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டிருந்தால் பேச்சம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் கணினிப் பிரிவுக்காரர் வந்தார். எப்போதும் ஒரு கையில் கைப்பேசியோடு திரியும் பருத்த மனிதர். திரையை ஒரு பார்வை பார்த்தார். "இடம் காட்டுற பட்டை பூரா செவந்துபோச்சு பாருங்க. மூச்சு விடக்கூட இடமில்ல. குப்பைத் தொட்டியக் காலி பண்ணீங்களா?"

"குப்பைத் தொட்டியா?"

"சரியாப் போச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சம்மா வருஷக்கணக்காக அழித்ததாக நினைத்த வேண்டாத கோப்புகளெல்லாம் அந்தத் தொட்டியில் குத்துக்கல்லாகக் கிடந்தன. அதைக் கொட்டினார். தற்காலிகக் கோப்புகள், பழைய அப்டேட்களின் மிச்சங்கள், ஒரே கையேட்டின் ஏழெட்டுப் பிரதிகள், எப்போதோ பயிற்சிக்கு வந்த மாணவர் யாரோ இறக்கி வைத்த சினிமாப் படங்கள் எல்லாவற்றையும் தூக்கினார். பட்டை நீலமாயிற்று. "இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ஆனா உங்க வீடியோ இருக்கே, அதுதான் யானை. அதத் தொடாம ஒண்ணும் நடக்காது. படத்த விட்டுட்டு சத்தத்த மட்டும் வச்சுக்கலாம், வேணும்னா மாத்தித் தரேன்."

பேச்சம்மா யோசித்துப் பார்த்தார். சத்தம் வருவதற்கு எவ்வளவோ முன்பே உதட்டில் வார்த்தை வந்து நிற்கும். சில பேருக்கு உதட்டோடு நின்றும்விடும். படத்தை எடுத்துவிட்டால் அவர்களெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களாக ஆகிவிடுவார்கள். "வேணாம்" என்றார்.

வெளியே வேறு வட்டில் போட்டு வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நோயாளிகளின் முகமும் குரலும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகக்கூடாது. புதிய கணினி கேட்டு எழுதியதற்கு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஆண்டுதோறும் பதில் வரும். பார்க்கப்போனால், சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு கடந்தவர்களின் பதிவுகளை நீக்கிவிட வேண்டும் என்பதுதான் விதி. பேச்சம்மாதான் அதைக் கண்டும் காணாமல் இருந்துவந்தார். ஒருவர் அரை உயிராகப் போராடிச் சொன்னதை ஒரு விரல் அசைவில் இல்லாமல் செய்வதற்கு அவருக்குக் கை வரவில்லை. சாம்பல்நிறப் பெட்டியைப் பார்த்த பிறகு கை வந்தது. ஆனால் கேட்டுவிட்டுத்தான் அழிப்பது என்று தானாக ஒரு முறை வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் காலைகள் போயின. 'க' வராமல் 'த' என்று சொன்ன ஒரு சிறுவன் திரையில் வந்தான். காக்காப் படத்தைக் காட்டினால் "தாத்தா" என்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவோ, "பாத்தீங்களா, என்னத்தான் கூப்பிடுறான்" என்று பூரித்துப்போவார். அந்தப் பதிவில் பேச்சம்மாவே சிரித்திருந்தார். தன் சிரிப்பை வெளியிலிருந்து கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நாக்கில் புற்று வந்து பாதியை வெட்டி எடுத்த ஒரு பெண், தன் பிள்ளைகளின் பெயர்களை மட்டுமாவது தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மற்ற வார்த்தைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவற்றையே பழகினார். நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய ஒருவர் தன் பெயரின் முதல் எழுத்திலேயே சிக்கி, நெற்றி நரம்பு புடைக்க நின்றார். "சரி, போய்ட்டு வாங்க." "சரி, போய்ட்டு வாங்க." ஒவ்வொருவரும் போகப் போக நீலப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது.

லாரிக்காரரின் பதிவுகளுக்கு வந்தபோது பேச்சம்மாவின் கை நின்றது.

தொலைதூர லாரி ஓட்டியவர் அவர். சாலையோரத்தில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுத்தான் சாய்ந்தாராம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. 'நாளைக்கு.' பெயர் என்ன என்றாலும் நாளைக்கு; தண்ணீர் வேண்டுமா என்றாலும் நாளைக்கு. மற்ற கதவெல்லாம் சாத்திக்கொள்ள, அந்த ஒன்று ஏன் திறந்தே கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் கோபப்படுவார், கேலி செய்வார், நன்றி சொல்வார். அவர் மனைவி அத்தனையையும் மொழிபெயர்ப்பார். "கால் வலிக்குதாம்." "ஃபேனை நிறுத்தச் சொல்றாரு." ஒருமுறை பேச்சம்மாவிடம், "கல்யாணம் ஆன நாளா எதைக் கேட்டாலும் நாளைக்கு நாளைக்குன்னுதான் மேடம் சொல்லுவாரு. இப்ப மட்டும் என்ன புதுசா" என்று சொல்லிச் சிரித்தார். லாரிக்காரரும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

நெட்டையான பெண்மணி. கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து உள்ளே விட்டுவிட்டு, நடைபாதை பெஞ்சில் உட்காருவார். உட்கார்ந்த மாத்திரத்தில் கண் சொக்கும். இரவெல்லாம் கணவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஈரம் மாற்ற வேண்டும். பகலில் பிள்ளைகள், சமையல், ஓரிரண்டு வீடுகளில் துப்புரவு வேலை. கதவில் பதித்த கண்ணாடி வழியாக அவர் தலை சுவரில் மெல்லச் சாய்வதும், திடுக்கிட்டு நிமிர்வதும், மறுபடி சாய்வதும் உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும்.

ஒருநாள் லாரிக்காரர் படச்சீட்டுகளை இடது கையால் ஒதுக்கித் தள்ளினார். கதவைக் காட்டினார். பிறகு கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடினார். "உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று பேச்சம்மா கேட்டார். மேஜையில் ஓங்கி ஓர் அடி. "நாளைக்கு." இல்லை என்ற நாளைக்கு. மறுபடியும் கதவு, மறுபடியும் கன்னம். பேச்சம்மா திரும்பிக் கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே சுவரில் சாய்ந்த தலை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அவங்ககிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார். லாரிக்காரரின் முகம் நெகிழ்ந்தது. "நாளைக்கு" என்றார் மெதுவாக.

அன்றிலிருந்து இருவருக்கும் அதுதான் வேலை. நீ தூங்கு. இரண்டே சொல். பேச்சைத் தாங்கும் பக்கம் மூளையில் அடிபட்டாலும் ராகத்தைத் தாங்கும் பக்கம் பல பேருக்குத் தப்பித்துவிடும். அதனால் பாடித்தான் உள்ளே நுழைய வேண்டும். பேச்சம்மா அவருடைய இடது கையைப் பிடித்து மேஜையில் தட்டித் தட்டி, நீளமாக ஒன்று, மேலே ஏறி ஒன்று, இறங்கி ஒன்று என்று முனகுவார். அவரும் முனகுவார். முனகலுக்குள் மெல்ல எழுத்துகளை வைப்பார்கள். 'நீ' வந்தால் அடுத்தது வராது. அடுத்தது வந்தால் 'நீ' கழன்றுவிடும். முடியாதபோது அவர் வாயிலிருந்து அதே 'நாளைக்கு' வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தன் வாயையே கையால் பொத்திக்கொள்வார். மனைவி உள்ளே வந்தால் உடனே படச்சீட்டுகளை இழுத்து முன்னால் போட்டுக்கொள்வார், ஒன்றும் நடக்காதது போல.

கடைசிப் பதிவில் அது வந்திருக்கிறது. தட்டல், முனகல், நீண்ட மௌனம். அவர் கதவுப் பக்கம் திரும்புகிறார். இடது கை விரல் கதவை நோக்கி நீள்கிறது. "நீ... தூங்கு." தாளம்கூட இல்லை. சாதாரணமாக, வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிற மாதிரி. பிறகு அவரே நம்பாமல் பேச்சம்மாவைப் பார்க்கிறார்.

அடுத்த முறைக்கு அவர் வரவில்லை. வீட்டிலேயே மறுபடியும் வாதம் வந்து, இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்து, போய்விட்டார். வீட்டில் போய் அதைச் சொன்னாரா என்பது பேச்சம்மாவுக்குத் தெரியாமலே போயிற்று. கேட்கவும் அவருக்கு முறையில்லை.

இப்போது அந்தப் பதிவைப் பார்த்து முடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மற்றவர்கள் சொன்னதெல்லாம் எதிரில் இருந்த பேச்சம்மாவிடம் சொன்னது. இது அப்படியில்லை. வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டியது, இங்கே தங்கிவிட்டது. அதை வழியனுப்பி வைக்க அவர் யார்?

துறைத் தலைவரிடம் கேட்டார். குடும்பத்தினர் வந்து பார்க்கலாம், கையெழுத்துப் போட்டுப் பிரதி வாங்கிக்கொள்ளவும் செய்யலாம் என்றார். லாரிக்காரரின் பழைய அட்டையில் இருந்த எண்ணுக்கு அடித்தபோது முதல் மணியிலேயே அவர் மனைவி எடுத்துவிட்டார். பேச்சம்மா தன்னை இன்னார் என்று சொன்னார். புதுப் பதிவுகளுக்கு இடம் வேண்டிப் பழையவற்றை அழிப்பதையும், அவர் கணவரின் பதிவு ஒன்று அவர் பார்க்க வேண்டியது என்பதையும் சொன்னார். பிறகு, "நாளைக்கே வரேன் மேடம்" என்று சொன்ன குரல், சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்தது போல ஒரு கணம் நின்று, "காலைல வரேன்" என்று மாற்றிக்கொண்டது.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தார். பார்சல்கள் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. தலை நரைத்திருந்தது. நெட்டை மட்டும் குறையவில்லை. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்த பேச்சம்மா, அவருடைய முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியை எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"பெரியவனுக்கு வேலை கிடைச்சிடுச்சு மேடம். சின்னவ படிக்கிறா." கேட்காமலே சொன்னார். "பகல்ல படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. தெருவுல சத்தம். அப்படியே பழகிடுச்சு."

பேச்சம்மா ஹெட்போனை எடுத்துக் கொடுக்கவில்லை. கணினியிலிருந்தே சத்தம் வரும்படி வைத்தார். "இது அவர் உங்களுக்காகப் பழகினது. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தாரு. அதனால நான் சொல்லல" என்றார். அவரளவில் அது நீண்ட பேச்சு.

பதிவு ஓடியது. அந்த அம்மாள் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். கணவரின் முகம் திரையில் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கேன் பாருங்க" என்றார் மெல்ல. தட்டல். முனகல். மௌனம். விரல் கதவை நோக்கி நீண்டது.

நீ தூங்கு.

பதிவு முடிந்து திரை உறைந்து நின்றது. சலவை இயந்திரம் பக்கத்து அறையில் சுற்றத் தொடங்கியது.

"அப்ப அவரு அன்னைக்கு..." என்று ஆரம்பித்த அந்த அம்மாள் நிறுத்திவிட்டார். பேச்சம்மா கைகளைக் கோத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். சலவை இயந்திரம் ஒரு சுற்று முடித்து, மூச்சு வாங்கி, மறுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"வீட்ல சொன்னாரு மேடம். இங்க வந்துட்டுப் போன அன்னைக்கே. மத்தியானம் நான் துணி மடிச்சிட்டு இருந்தேன். 'தூங்கு'ன்னாரு. முன்னாடி சொன்னது வாய்க்குள்ளயே போயிடுச்சு போல, எனக்குத் தூங்குன்றது மட்டும்தான் கேட்டுச்சு. அய்யோ பேச்சு வந்துடுச்சேன்னு எனக்கு ஒண்ணும் புரியல. அவருக்குத்தான் தூக்கம் வருதுன்னு நெனச்சேன். விரிப்பை உதறிப் போட்டு, ஜன்னலச் சாத்தி, அவரத் தூக்கிப் படுக்க வச்சேன். மறுபடியும் 'தூங்கு'ன்னாரு. 'சரி, தூங்குங்க, நான் எங்கயும் போகல'ன்னு போர்த்தி விட்டேன்." அவர் குரல் அசையவில்லை. "அப்ப சிரிச்சாரு. அப்படிச் சிரிச்சாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு இத்தனை வருஷமா நான் யோசிக்காத நாளில்ல. என்னைக் கிண்டல் பண்ணினாரா, வலியில அப்படி இழுத்துச்சான்னு."

பிறகு அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து தோள் குலுங்கியது. பேச்சம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். குலுங்கல் தானாக ஓயும்வரை நாற்காலியின் முதுகில் கைவைத்தபடி நின்றார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் அந்த அம்மாள். போட்டார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டார்.

"மத்தது எல்லாம் இருக்கு" என்றார் பேச்சம்மா. "மொதல் நாள்ல இருந்து. வேணும்னா அதையும் பாக்கலாம்."

"வேணாம் மேடம். நாளைக்கு நாளைக்குன்னது எனக்கு மனப்பாடம். அத நீங்க எடுத்துடுங்க. வேற யாருக்காவது இடம் வேணும்னீங்களே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது ஒண்ணு மட்டும் குடுங்க. புள்ளைங்களுக்குக் காட்டணும். இல்ல, காட்டுவேனா மாட்டேனான்னு தெரியல. ஆனா குடுங்க."

கையெழுத்துப் போட்டார். பேச்சம்மா கணினிப் பிரிவுக்காரரை அழைத்தார். அவர் வந்து, கணினியில் யாரும் எதையும் சொருகிவிடாதபடி மூடி வைத்திருந்த துளையைத் திறந்துவிட்டு, வழக்கமான கேலி எதுவும் பேசாமல், சட்டைப் பையிலிருந்து தன் சொந்த பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் சொருகினார். "புதுசுதான், வச்சுக்கோங்கம்மா" என்றார். பிரதியெடுக்கும் பட்டை திரையில் தோன்றி, எறும்பு ஊர்வதுபோல நகரத் தொடங்கியது. "பழைய மிஷின். கொஞ்சம் நேரமெடுக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பேச்சம்மா அலமாரிப் பக்கம் திரும்பி அன்றைய நோயாளிகளுக்கான படச்சீட்டுகளைப் பிரித்து எடுத்தார். பஞ்சு உருண்டைகளைக் கிண்ணத்தில் போட்டார். முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாளின் பேச்சு நின்றுபோயிருந்ததை அவர் முதலில் கவனிக்கவில்லை; மௌனம் அவருக்குப் புதிதல்ல. திரும்பிப் பார்த்தபோது லாரிக்காரரின் மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைப்பையின் வார் விரல்களிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. திடுக்கிட்டு நிமிரவில்லை. பட்டை முழுக்க நிறைந்து, பிரதி தயார் என்ற அறிவிப்பு வந்து, ஒரு சின்ன மணிச் சத்தமும் கேட்டது. அதற்கும் அவர் அசையவில்லை.

பேச்சம்மா கணினியின் சத்தத்தைக் குறைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். விளக்கை அணைத்தார். படச்சீட்டுகளையும் ஒரு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைக் கைப்பிடி கிளிக்கென்று சொல்லாதபடி சாத்தினார்.

அன்றைய முதல் நோயாளி நடைபாதையின் கோடியில் வந்துகொண்டிருந்தார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் ஓடும் பிள்ளைகளை அதட்டி நிறுத்திய குரல், நடுக்க நோய் வந்தபின் சுருங்கிச் சுருங்கி, பக்கத்தில் காதை வைத்தாலும் கேட்காத கிசுகிசுப்பாகிவிட்டது. கூச்சப்பட்டு வாயைத் திறப்பதையே நிறுத்திக்கொண்ட அவரிடம், "சத்தமா, இன்னும் சத்தமா, கத்துங்க" என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டி வருகிறார் பேச்சம்மா. ஆஸ்பத்திரி என்று பார்க்காதீர்கள், கதவருகே வந்ததும் எனக்கு ஓங்கி வணக்கம் சொல்லுங்கள் என்பது போன வாரம் கொடுத்த பயிற்சி.

அவர் அதை வீட்டில் நன்றாகவே பழகி வந்திருந்தார். பேச்சம்மாவைக் கண்டதும் நின்றார். தோளை நிமிர்த்தினார். சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை அகலத் திறந்தார்.

பேச்சம்மா உதட்டின்மேல் விரலை வைத்தார்.